தேய்ந்த எழுத்தை வாசிக்க டோர்ச்சைச் சரித்துப் பிடியுங்கள்

பழைய இரும்புப் பட்டறை, பண்ணை வீடு பார்க்கப் போனால் போன் டோர்ச்சை எழுத்துக்கு நேரே அடிக்காமல், பக்கத்திலிருந்து இரும்போடு ஒட்டினாற்போல் சரித்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். கடைசல் இயந்திரத்தில் வார்த்த கம்பனிப் பெயர், பட்டடைக்கல்லின் பக்கத்தில் வெட்டிய எடை எண் எல்லாம் துருவுக்குள்ளிருந்து எழும்பி வரும். அவ்வளவு அழகு!

திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில் செதுக்கியிருக்கும் 1675 போன்றவற்றுக்கு டோர்ச்சை விடச் சாய்வெயில் நல்லது. உச்சி வெயிலில் டோர்ச் வெளிச்சம் எடுபடாது. உடம்பால் நிழல் கொடுத்துப் பார்க்கலாம். பெயின்ட்டால் எழுதியதற்கும் பயனில்லை. சோக்கட்டி மட்டும் தேய்க்காதீர்கள், கல்லின் துளைக்குள் தங்கிவிடும்.