மன்னிப்புக்குத் தவணை கட்ட வேண்டாம்

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் தண்டல் தெரியாத வீடு குறைவு. பத்தாயிரம் கேட்டால் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினால் வாசலில் வந்து நிற்பார்கள். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னோடு ஜெபிக்க வருகிறவர்களில் பலர் ஆண்டவரையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எப்போதோ செய்த ஒன்றுக்காக வெள்ளிதோறும் உபவாசம், புதுப்புடவை கட்டமாட்டேன் என்று பொருத்தனை. நல்லது எது நடந்தாலும் ‘எனக்கு இது தகாதுக்கா’ என்று ஒதுங்கல். உபவாசமும் பொருத்தனையும் நன்றியாகச் செய்தால் நல்லவை. கடனை அடைக்கவென்று செய்தால் அந்தக் கணக்கு என்றைக்கும் முடியாது. சிலுவையில் தீர்ந்துவிட்ட கடனுக்கு நாம் ஏன் தவணை கட்ட வேண்டும்? தகுதி பார்க்காமல் ஆண்டவர் கொடுக்கும் கிருபையை எப்படி வாங்கிக்கொள்வது என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள். ‘நான் பெரிய பாவி’ என்று எழுதாதீர்கள், அது யாருக்கும் பொருந்தும். யாருக்கு என்ன செய்தேன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ‘நாத்தனார் நகையை அடகு வைத்துவிட்டு, தெரியாது என்று சொன்னேன்.’ இவ்வளவு போதும். காரணம் எழுத ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள்.

இப்படி எழுதும்போது சில சமயம் வேறொன்று தெரியவரும். ஒரு தங்கை தன் அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரவும் பகலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். அம்மா போய் வருஷங்கள் ஆகியும் ‘நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன்’ என்பாள். நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். பேனாவைத் திருகிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ‘டீ வாங்கக் கீழே போனேன்’ என்று எழுதினாள். எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். டீ வாங்கப் போனது பாவமா? அவள் படியேறி வருவதற்குள் அம்மா மூச்சு நின்றுவிட்டது. அதற்கு மன்னிப்பு கேட்பதற்கு ஒன்றுமில்லை, அழத்தான் வேண்டும். இறந்துபோன நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசுவே கண்ணீர் விட்டார். துக்கத்தைக் குற்றம் என்று எண்ணி எத்தனை முறை மன்னிப்பு கேட்டாலும் மனசு ஆறாது. மன்னிக்க அங்கே எதுவும் இல்லையே!

எழுதியது உண்மையிலேயே பாவம்தான் என்றால், கதவைச் சாத்திக்கொண்டு அதே வார்த்தைகளில் வாய்விட்டு அறிக்கையிடுங்கள். நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் ‘உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்’ என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. எவ்வளவு அழுதோம் என்ற பேச்சே அங்கே இல்லை. மறுநாள் அதே நினைவு வந்தால் மறுபடி மன்னிப்பு கேட்காதீர்கள். ‘ஆண்டவரே, இதை மன்னித்துவிட்டீர், ஸ்தோத்திரம்’ என்று மட்டும் சொல்லுங்கள். ஆரம்பத்தில் வாய் கூசும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

அப்புறம் லூக்கா 15-ஐத் திறந்து 19-ஆம் வசனத்தையும் 21-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அப்பாவின் சொத்தை அழித்துவிட்டு, பன்றி மேய்த்த இடத்திலேயே கெட்ட குமாரன் அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். ‘உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்பது அதில் கடைசி வரி. அப்பாவின் முன்னால் நிற்கும்போது அந்த வரி மட்டும் வரவில்லை. அதற்குள் அவர் வஸ்திரமும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூலி வேலை செய்து கழித்துவிடலாம் என்று மகன் போட்ட திட்டம் அப்பா காதில் ஏறவே இல்லை.

ஆனால் ஆண்டவரிடம் தீர்ந்தது என்பதால் மனுஷரிடமும் தீர்ந்துவிட்டது என்றாகாது. நம் சபைகளில் இதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறோம், எனக்கு அது வருத்தம்தான். ‘உன் வீட்டில் தங்கவேண்டும்’ என்று வரி வசூலிப்பவரான சகேயுவிடம் இயேசு முதலில் சொன்னார். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது அதற்குப் பிறகு. காசிமேட்டில் விசைப்படகுக்குக் கணக்கு எழுதிய ஒரு தம்பி, டீசல், ஐஸ் செலவைக் கூட்டி எழுதி ஆட்களின் பங்கில் கை வைத்திருந்தார். மன்னிப்பு கிடைத்தது என்ற நிச்சயம் வந்த பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வலையைச் சரிபார்த்துக்கொண்டு எல்லோரும் கரையில் இருக்கும் காலம். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய், ‘அண்ணே, உங்க பங்குல இவ்வளவு எடுத்தேன்’ என்று தொகையைச் சொன்னார். தடை முடிந்து தொழிலுக்குப் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தார். ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

நீங்கள் போவதானால் செய்ததை மட்டும் சொல்லுங்கள். ‘மன்னிச்சுட்டேன்னு சொல்லுங்க’ என்று அங்கேயே கையைப் பிடிக்காதீர்கள். உங்கள் பாரம் இறங்க இன்னொரு குடும்பம் உடையும் என்றாலோ, போனால் அடி விழும் என்றாலோ, முதலில் உங்கள் ஆயரிடம் பேசுங்கள்.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து நாளில் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1 கொரிந்தியர் 11:28 தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது, சோதித்துவிட்டு ஒதுங்கி இருக்கச் சொல்லவில்லை. யோவான் 21-இல் பேதுரு கரைக்கு வந்தபோது கரிநெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருந்தது. தன்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த பேதுருவையும் சேர்த்துத்தான் இயேசு சாப்பிடக் கூப்பிட்டார். ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்டது சாப்பிட்ட பிறகு. எழுந்து போய்க் கையை நீட்டுங்கள்.

நடுராத்திரியில் மனசு குத்தினால் 1 யோவான் 3:20-ஐச் சத்தமாகப் படியுங்கள். நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும், தேவன் நம் இருதயத்திலும் பெரியவர். அதோடு, ரகசியம் காக்கிற ஒரே ஒருவரிடம் சொல்லிவையுங்கள். சங்கத்தில் எல்லோர் முன்னாலும் ஜெபக்குறிப்பாகச் சொல்லத் தேவையில்லை. கத்தோலிக்கர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, கேட்ட குருவானவர் அதை யாரிடமும் சொல்லக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். விசுவாசம் இருக்கிறவர்கள் டாக்டரிடம் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூட வர ஆள் வேண்டுமென்றால் சபையில் ஒரு அக்காவைக் கூப்பிடுங்கள், வருவார்கள்.