கதவு தட்டினால் கையில் அதிரட்டும்: காது கேளாதவருக்கு ஃபிட்னஸ் பேண்ட் அமைக்கும் முறை

புயல் நேரத்தில் கடலூரில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டே போவார்கள். தெருவே உஷாராகிவிடும், காது கேளாதவரைத் தவிர. புயல் இல்லாத நாளிலும் கதவு தட்டுவது, குழந்தை அழுவது, குக்கர் விசில் என்று வீட்டில் பாதி சேதி சத்தமாகத்தான் வருகிறது. ஆண்ட்ராய்டு போனும், வாட்ச் போலக் கையில் கட்டும் ஒரு ஃபிட்னஸ் பேண்டும் இருந்தால் இவற்றில் பலவற்றை மணிக்கட்டில் அதிர்வாக மாற்றிவிடலாம். விலை உயர்ந்த வாட்ச் தேவையே இல்லை.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சத்தத்தைக் கேட்பது போன். பேண்ட் அதைக் கைக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். அமைப்பதில் வரும் சிக்கல் எல்லாம் இதை மறப்பதால்தான்.

முதல் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியது

கட்டிக்கொள்ளப் போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். அதிர்வு போதுமா என்று அவர் கைதான் சொல்ல வேண்டும். அங்கேயே தமிழில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பாருங்கள். சில பேண்டுகளில் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்புறம், பேண்டுக்காகப் போனில் போடும் செயலியில் நோட்டிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்து, போனில் உள்ள எந்தச் செயலியையும் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் என்று நாலைந்து மட்டும் இருந்தால் அந்தப் பேண்ட் நமக்கு வேண்டாம்.

இரண்டாம் படி: போனுக்குக் காது வைப்பது

செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' இருக்கும். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் கூகுளின் 'லைவ் டிரான்ஸ்கிரைப் அண்ட் நோட்டிஃபிகேஷன்' செயலியை இறக்குங்கள், இலவசம்தான். 2020-இல் வந்த வசதி இது. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கதவு தட்டல், காலிங் பெல், குழந்தை அழுகை, நாய் குரைப்பு, தண்ணீர் ஓடுவது, புகை அலாரம் என்று பட்டியல் வரும். எல்லாவற்றையும் போடாதீர்கள். தெருநாய் குரைக்கும்போதெல்லாம் கை அதிர்ந்தால் ஒரே வாரத்தில் பேண்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கதவையும் பெல்லையும் மட்டும் முதலில் போடுங்கள். பட்டியலில் இல்லாத சத்தத்தைப் பதிவு செய்து சேர்க்கவும் வழி உண்டு. குக்கர் விசிலை அப்படி முயன்று பார்க்கலாம்.

மூன்றாம் படி: இணைப்பு

பேண்டின் செயலியில், சத்தத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் கூகுள் செயலிக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுங்கள். போன் திரை எரியும்போது பேண்டுக்கு எதுவும் அனுப்பாதே என்று ஓர் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். பேட்டரி அமைப்பில் இரண்டு செயலிக்கும் கட்டுப்பாட்டை நீக்குங்கள், இல்லையென்றால் போன் அவற்றைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும்.

நான்காம் படி: போனை எங்கே வைப்பது?

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தைக்குக் காது கேட்காது, வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். போன் தையல் மெஷின் மேஜையிலேயே கிடக்கும். மெஷின் ஓடும் கடகடப்பில் கதவுச் சத்தம் போனுக்கு விழவே இல்லை. வாசலோரம் சுவரலமாரிக்கு மாற்றி, நான் வெளியே நின்று தட்டினேன். மெஷின் மிதித்துக்கொண்டிருந்த அத்தை கையைத் தூக்கிப் பார்த்தார், எழுந்து வந்து திறந்தார். யாராவது வந்திருப்பார்களோ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கம். இப்போது அது இல்லை.

புளூடூத் பத்து மீட்டர் அளவுக்குத்தான் எட்டும், நடுவில் சுவர் வந்தால் இன்னும் குறையும். ஒவ்வோர் அறையிலும் அவரை உட்கார வைத்து, கதவைத் தட்டிச் சோதியுங்கள். மெதுவாக ஒரு தட்டு, பலமாக ஒரு தட்டு.

ஐந்தாம் படி: கட்டும் விதம்

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலில் ஒட்டினாற்போல் கட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அதிர்வு தெரியாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வியர்வை ஊறும். தினமும் கழற்றிப் பட்டையையும் பின்புறச் சார்ஜ் பின்களையும் துடையுங்கள்.

கடைசியாகப் புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். புயல் போன்ற ஆபத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியைப் போட்டு, பேண்டில் அதற்கும் அனுமதி கொடுங்கள். மின்சாரம் போய், போன் சார்ஜும் தீர்ந்தால் எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் பவர் பேங்க் கையில் இருக்கட்டும். சத்தத்தைக் கண்டுபிடிக்கும் செயலியும் சில நேரம் தவறவிடும். ஆபத்து நேரத்தில் அதை மட்டும் நம்பாமல் பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். பேண்டில் பதிந்த அலாரம் போன் இல்லாமலும் அதிரும். புயல் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக அலாரம் வைத்துவிட்டால், எழுந்து ஜன்னலையும் போனையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கலாம்.