கீரை ஆயும் நேரத்தில் எடுத்த 41 படங்கள்

கலர் லேபில் 14 வருடம் பிரிண்ட் போட்டவன் நான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று என் கையில் புரளாத முகம் இல்லை. ஒரு படம் கொஞ்சம் வெளுத்துவிட்டாலோ, பக்கத்துப் படத்தோடு நிறம் ஒத்துப்போகாவிட்டாலோ அன்றைக்கு அது குப்பைக்கூடைக்குத்தான் போகும். அதனால் டேவிட் ஹாக்னியின் போட்டோ ஒட்டுப்படங்களை முதன்முதலில் பார்த்தபோது, ‘எந்த லேபில் கொடுத்தார், இப்படிச் சொதப்பி வைத்திருக்கிறார்களே’ என்றுதான் நினைத்தேன்.

ஹாக்னி 1937இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர். போட்டோவின் மேல் அவருக்கு ஒரு குறை இருந்தது: ஒற்றைக் கண், ஒரே இடம், ஒரு நொடிக்கும் குறைவான நேரம். மனிதர்கள் அப்படியா பார்க்கிறோம்? 1982இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் வீட்டில் மிச்சமாகக் கிடந்த போலராய்டு ஃபிலிமை (எடுத்த கையோடு கேமராவிலிருந்தே படமாக வெளியே வருமே, அது) வைத்து, வீட்டைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து அடுக்கிப் பார்த்தார். போலராய்டுக்கு வெள்ளை ஓரம் உண்டு என்பதால் அவை கட்டம் கட்டமாக வந்தன. அடுத்து சாதாரணக் கேமராவும் கடையில் போட்ட பிரிண்டுமாக மாறினார். ஓரம் போனதும் படங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இவற்றுக்கு ‘ஜாய்னர்’ என்று பெயர்.

இதை நீங்களும் செய்யலாம். செல்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் நான் முதலில் செய்த தப்பைச் செய்யாதீர்கள். மொட்டை மாடியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, தெருவை இடமிருந்து வலமாக 30 படம் எடுத்து ஒட்டினேன். கிழிந்த பனோரமா மாதிரி இருந்தது. பனோரமா வேண்டுமென்றால் போனே எடுத்துத் தரும், அதுவும் தையல் தெரியாமல். இங்கே தையல் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், எடுக்கிறவர் நகர வேண்டும்.

சரி, எதை எடுப்பது? கையால் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு ஆள்தான் ஆரம்பத்துக்கு நல்லது. ஹாக்னி 1983 ஜனவரி 1 அன்று வீட்டில் ஸ்கிராபிள் என்ற, எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்க்கும் விளையாட்டு ஆடியதை அப்படி எடுத்திருக்கிறார். அவருடைய அம்மாவும் ஆட்டத்தில் உண்டு. ஒரே ஆள் யோசிக்கிறார், பார்க்கிறார், சிரிக்கிறார். எல்லா முகமும் ஒரே படத்தில் இருக்கிறது. பலகையில் எழுத்துகளைக்கூட வாசிக்கலாம். நான் என் அம்மா புறவாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வதை எடுத்தேன். அரை மணி நேர வேலை. இந்தப் பக்கம் காம்பு சேரும், அந்தப் பக்கம் சுளகில் கீரை ஏறும். நேரம் போவது கண்ணுக்குத் தெரியும்.

போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸைத் தொடவே தொடாதீர்கள், ஓரமெல்லாம் வளைந்துபோகும். சாதாரண 1, முடிந்தால் 2. போனை நிமிர்த்திப் பிடித்தால் கடைசிவரை நிமிர்த்தியே பிடியுங்கள். கலந்து எடுப்பதைக் கை பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூலையிலிருந்து வரிசையாக எடுக்காமல், கண் முதலில் எங்கே போகிறதோ அங்கே தொடங்குங்கள். நான் கையில் ஆரம்பித்தேன். இரண்டடி தூரத்தில் குந்தி உட்கார்ந்து கையை மட்டும் 12 படம். அப்புறம் முகம். அப்புறம் சுளகு, அதற்கு நேர் மேலே நின்று. கதவு நிலையின் மேல்பக்கத்துக்கு ஸ்டூல் போட்டு ஏறினேன். இதுவும் ஹாக்னியிடம் திருடியதுதான். கலிஃபோர்னியப் பாலைவனத்துச் சாலை ஒன்றை 1986 ஏப்ரலில் ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து, ‘பியர்பிளாசம் ஹைவே’ என்று 700க்கும் மேற்பட்ட படங்களை ஒட்டினார். கிட்டத்தட்ட 6 அடிக்கு 9 அடி. அதில் வரும் ‘ஸ்டாப்’ பலகையை ஏணி வைத்து ஏறி, முகத்துக்கு நேராக எடுத்திருக்கிறார். தள்ளி நின்று பார்ப்பது போலத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டும் பக்கத்தில் போய் எடுத்தது. கடைசியாகக் குனிந்து உங்கள் காலையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதற்குக் காலைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மேல் கால் பங்காவது ஏற வேண்டும். காரணம் இருக்கிறது. போன் படம் 4க்கு 3 அளவு, லேபின் 4×6 பேப்பர் 3க்கு 2. பிரிண்ட் போடும்போது அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். இடைவெளி விழுந்தபின் அம்மாவை மறுபடி கீரை ஆயச் சொல்ல முடியாது.

நான் எடுத்தது 72. நேராக லேபுக்கு ஓட வேண்டாம். முதலில் ஏ4 தாளில் எட்டு எட்டாகச் சின்னதாக அச்சிட்டு, கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் அடுக்கிப் பாருங்கள். அதிலேயே பாதி முடிவாகிவிடும். நான் 54 பிரிண்ட் போட்டு 41 ஒட்டினேன்.

லேபில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, மேட் பேப்பர். கிளாஸி என்றால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பளபளக்கும். இரண்டு, ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். அந்த மெஷின் ஒவ்வொரு படத்தையும் சராசரி வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர் மட்டும் உள்ள படத்தைச் சாம்பலாக்கும், இருட்டு மூலையை வெளுக்க வைக்கும். அதை நிறுத்தினாலும் படங்களுக்குள் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், மேகம் வந்திருக்கும், வெயில் நகர்ந்திருக்கும். அது இருக்கட்டும். நான் 14 வருடம் படத்தின் வெளுப்பையும் கறுப்பையும் கூட்டிக் குறைக்கும் டென்சிட்டி பட்டனைத் தட்டித் தட்டி அழித்த வித்தியாசம் அதுதான்.

வீட்டுக்கு வந்து தரையில் பரப்பும் முன் ஃபேனை நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை. ஒரு மணி நேர அடுக்கல் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

முகத்தை முதலில் வையுங்கள், அடுத்து கைகள். சுவரும் தரையும் தானாக வந்து சேரும். கோடு கோட்டோடு பொருந்த வேண்டுமென்று மல்லுக்கட்டாதீர்கள். என் படத்தில் கதவு நிலை மூன்று இடத்தில் முறிந்திருக்கிறது, சுளகு முட்டை வடிவமாகிவிட்டது. எதை மேலே வைப்பது என்று குழம்பினால் கை இருக்கும் படம் மேலே. பிரிண்டை வெட்டாதீர்கள், முழுசாக வையுங்கள். வெட்டினால் அது கல்யாண ஆல்பத்து வேலையாகிவிடும். வெளி ஓரம் மேடுபள்ளமாகவே இருக்கட்டும்.

நடுவில் அம்மா வந்து பார்த்தாள். “ஏலே, நான் என்ன காளியாத்தாளா? எதுக்குல இத்தனை கை?” என்றாள். ஏழு கை இருந்தது. இரண்டை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை.

அடுக்கியது பிடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கலைக்க வேண்டும். பின்பக்கம் எண் போடப் பென்சில் சரியாகப் பிடிக்காது, பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம். அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சாது, இரண்டு நாள் கழித்தும் வழுக்கிக்கொண்டிருக்கும். டபுள் சைட் டேப்தான் சரி. அடியில் 5 மி.மீ. சன் போர்டு, அதாவது எடையில்லாத பிளாஸ்டிக் நுரை அட்டை. 41 படத்துக்கு 3 அடிக்கு இரண்டரை அடி தாராளம். கீழே மறையும் படங்களை முதலில் ஒட்டி மேலே வாருங்கள்.

பிரேம் கடைக்காரர் “ஓரத்தை நேரா வெட்டிடலாமா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடம் விடும் பாக்ஸ் பிரேம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி படத்தைத் தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உரித்தால் படம்தான் போகும்.

ஹாக்னி இந்தப் படங்களின் தலைப்பிலேயே தேதியையும் போடுவார். நானும் கீழே எழுதினேன்: ‘அம்மா, முருங்கைக்கீரை, 2023 ஆகஸ்ட் 13, காலை 10:10 முதல் 10:45 வரை.’ அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாள். “ஒரு கட்டுக் கீரைக்கு அவ்வளவு நேரமா? நீ குறுக்க குறுக்க வந்து நின்னதாலதாம்ல” என்றாள்.