காலையில் மட்டும் அடைத்துக்கொண்ட குசினிக் குழாய்

நுவரெலியாவில் எங்கள் குசினி சிங்க் காலையில் நிரம்பி நிற்கும். வெயில் ஏறியதும் தண்ணீர் தானாக இறங்கிவிடும். ரப்பர் பம்பால் அழுத்தினோம், அடிவளைவைக் கழற்றிக் கழுவினோம், காஸ்டிக் சோடாவும் ஊற்றினோம். கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அடைக்கும். மேலிருந்து விட்ட கம்பி அழுக்கின் நடுவே துளை போட்டதோடு சரி.

கடைசியில் வந்த குழாய் பாஸ் (குழாய் வேலை செய்பவர்) முதலில் கேட்டது, "எந்த எண்ணெயில் சமைக்கிறீர்கள்?" தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும். எங்கள் குழாய் கிழக்குப் பார்த்த வெளிச்சுவரில் போகிறது; உள்ளே படிந்த எண்ணெய் இரவுக் குளிரில் இறுகி, வெயில் பட்டதும் இளகியிருக்கிறது. வெயிலோடு தண்ணீர் இறங்கியதே சரியான துப்பு.

அவர் வடிகான் பக்கத்து முனையிலிருந்து மேல்நோக்கி அழுத்த நீர் பாய்ச்சினார். மெழுகுபோல் வெள்ளைக் கட்டிகள் விழுந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே அடுக்கடுக்காகத் தேயிலைச் சக்கை. பிறகு மட்டம் வைத்துப் பார்த்தார். ஒரு பிடிப்பு கழன்று குழாய் நடுவில் தொய்ந்திருந்தது. அடிக்குக் கால் அங்குலச் சரிவில் நிமிர்த்தி, வளைவில் திறந்து மூடும் மூடியும் பொருத்தினார். பெரிய நிம்மதி.

இப்போது தாச்சியைப் பத்திரிகைத் தாளால் துடைத்த பிறகே கழுவுகிறோம். பனிக்காலம் முழுவதும் அடைக்கவில்லை.