பிஎஸ்5 வாங்கும் முன் லைன்காரனிடம் கேளுங்கள்

வீடுகளுக்கு ஃபைபர் லைன் இழுத்துக் கொடுப்பது என் தொழில். "அண்ணே, கேம் லேக் ஆகுது, விட்டு விட்டு ஓடுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று போன் வருவது பெரும்பாலும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில்தான். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் லைனில் குற்றம் இருக்காது. பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி, அதன் விலையோடு செலவு முடிந்தது என்று நினைத்து வாங்கியிருப்பார்கள்.

முதலில் சந்தா. பிஎஸ்3 காலத்தில் ஆன்லைனில் ஆடத் தனிக் கட்டணம் இல்லை. 2013-இல் பிஎஸ்4 வந்த பிறகு, காசு கொடுத்து வாங்கிய கேமையே நண்பர்களோடு ஆட பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியாக வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்கு அது தேவையில்லை. பையன் அதை மட்டும்தான் ஆடப் போகிறான் என்றால் சந்தா எதற்கு? கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதில் இருப்பதிலேயே கீழ்நிலையான எசென்ஷியல் பிளான் போதும். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மாதக் கணக்கில் குறையும். கட்டிய கையோடு ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுங்கள், காசு கட்டிய காலம் முடியும் வரை அது பாட்டுக்கு ஓடும். மாதாமாதம் 'சும்மா' தரும் கேம்கள் சந்தா நின்றால் திறக்காது. பிஎஸ்5 கேம்களின் சேவ் ஃபைலை (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவை) பென்டிரைவில் எடுத்து வைக்கவும் முடியாது. கிளவுடில், அதாவது சோனியின் இணையச் சேமிப்பில், வைக்க வேண்டும், அதற்கும் சந்தா.

அப்புறம் டவுன்லோட். கால் ஆஃப் டூட்டி போன்றவை 100 ஜிபியைத் தாண்டும். 30 எம்பிபிஎஸ் லைனில் 100 ஜிபி இறங்க ஏழரை மணி நேரம் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் நெட்டைத் தொடாமல் இருந்தால். டிஸ்க் வாங்கினாலும் அப்டேட் இறங்கியே தீரும். பெட்டியை முழுசாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

இனி என் ஏரியா. வேகம் நன்றாக இருந்தும் நண்பனின் குரல் கேட்கவில்லை, பார்ட்டியில் (நண்பர்கள் சேர்ந்து பேசும் குழுவில்) சேர முடியவில்லை என்பார்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் இன்டர்நெட் டெஸ்ட் ஓட்டுங்கள். அதில் என்ஏடி டைப் என்று ஒரு எண் வரும், மற்ற ஆட்டக்காரர்களோடு எவ்வளவு சுலபமாக இணைய முடியும் என்பதை அது சொல்லும். 2 என்று வந்தால் கவலையில்லை. 3 என்றால் ரவுட்டரில் யூபிஎன்பி (கேமுக்கு வேண்டிய வழியைத் தானே திறக்கும் வசதி) ஆன் செய்து பாருங்கள். கம்பெனி கொடுத்த மோடத்துக்குப் பின்னால் சொந்தமாக இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தால் ஒன்றை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது வெறும் இணைப்பாக மட்டும் வேலை செய்யும்படி, மாற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லையா? ரவுட்டரில் வேன் ஐபியை (கம்பெனி உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் முகவரியை) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்று அர்த்தம். போர்ட் ஃபார்வர்டிங், அதாவது ரவுட்டரில் நாமே கையால் வழி திறந்துவிடுவது, செய்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஸ்டாட்டிக் ஐபி (உங்கள் வீட்டுக்கு மட்டுமான மாறாத பொது முகவரி) தருவார்களா, மாதம் எவ்வளவு என்று கம்பெனியிடம் கேளுங்கள். இந்தச் செலவைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். லேக்குக்கு மட்டும் மலிவான மருந்து உண்டு: வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுவது. பிளான் ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள்.

கேமுக்குள் நடக்கும் வியாபாரம்தான் எனக்குப் பிடிக்காத பகுதி. ஈஏ கம்பெனியின் ஃபுட்பால் கேமில், எந்த வீரர் வருவார் என்று திறக்கும் வரை தெரியாத 'பேக்' வாங்கிச் சேர்த்த அணி அடுத்த வருட கேமுக்கு வராது. பெல்ஜியத்தில் அதிகாரிகள் இதைச் சூதாட்டம் என்று சொன்ன பிறகு, 2019-இல் அங்கே பேக் வாங்கப் பயன்படும் பாயின்ட்களின் விற்பனையே நின்றது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வையுங்கள். வாய்ஸ் சாட்டையும் அங்கேயே கட்டுப்படுத்தலாம். முகம் தெரியாதவர்கள் பேசும் பேச்சு பத்து வயசுப் பிள்ளைக்கு வேண்டாம்.

கரண்ட் போனால் டிவியும் பிஎஸ்5-உம் இன்வெர்ட்டரில் ஓடும், மோடம் மட்டும் வேறு பிளக்கில் அணைந்து கிடக்கும். நடு மேட்ச்சில் வெளியேறினால் சில கேம்களில் தண்டனையும் உண்டு. மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரிப் பெட்டி) வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும் முன் மோடம் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.