ஜனவரியோடு நின்றுபோகும் தீர்மானம்: எனக்குப் பலித்த வழி

தினமும் ஓட வேண்டும் என்ற புத்தாண்டுத் தீர்மானம் எனக்கு ஜனவரி பாதியைத் தாண்டியதே இல்லை. அலாரத்தைக் கட்டிலிலிருந்து தள்ளி வைத்தேன், நண்பர்களிடம் அறிவித்தேன், செயலியில் கட்டம் நிரப்பினேன். ஒரு நாள் விட்டுப்போனதும் எல்லாம் படுத்துவிட்டது.

வழி கிடைத்தது, முன்பு ஒரு மலையேற்றத்தில் பனிமூட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட நினைவிலிருந்து. அன்று நேராக நடப்பதாக நினைத்து, கடந்து வந்த பாறைக்கே திரும்பி வந்தோம். பிரமை இல்லை, சூரியனோ அடையாளமோ தெரியாவிட்டால் மனிதர்கள் வட்டமடிப்பதை 2009-இல் வெளியான ஓர் ஆய்வு ஜிபிஎஸ் வைத்தே காட்டியது. அப்புறம் அடிவாரத்தை மறந்துவிட்டு, பாதை காட்ட வழிநெடுக அடுக்கி வைத்திருந்த கல்குவியல்களில் ஒன்றில் ஒருவர் நிற்க, இன்னொருவர் குரல் கேட்கும் தூரத்துக்குள் அடுத்ததைத் தேடுவது என்று இறங்கினோம். இதில் எளிதில் கண்ணில் படாத விஷயம்: அடுத்தது கிடைக்கும்வரை பழைய குவியலை விட்டு மற்றவர் நகரவில்லை.

அதையே எடுத்துக்கொண்டேன். ஆண்டு இலக்கை அழித்தேன். ஓடி முடித்ததும் அடுத்த ஓட்டத்தின் நேரத்தையும் பாதையையும் சீட்டில் எழுதாமல் ஷூவைக் கழற்றக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாள் தவறினாலும் அதே சீட்டு மறுநாளும் செல்லும். மார்ச் முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலி வேறு கதை.