உங்கள் மேல் தவறில்லாத விபத்து: அதற்குப் பிறகு செய்யக் கூடாதவை

சிக்னலில் வண்டியை நிறுத்தி நிற்கிறீர்கள். பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளுகிறது. ஹெல்மெட், வேகம், கவனம் எல்லாம் சரியாக இருந்தும் நடக்கிற விபத்து இது. அதை நாம் தடுத்திருக்க முடியாது. ஆனால் அதன் பிறகு வரும் கெடுதல்கள் பலவற்றைத் தடுக்கலாம். ‘எப்படியாவது இத்தோடு முடிந்தால் போதும்’ என்று ஒரு தவிப்பு வரும் பாருங்கள், பெரும்பாலான தவறுகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

விழுந்தவுடன் பலரும் சட்டென்று எழுந்து வண்டியைத் தூக்கப் போவார்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு. அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் கொஞ்ச நேரம் வலியை மறைத்துவிடும். அதனால் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். கழுத்தோ முதுகோ வலித்தால், கை கால் மரத்துப்போனால், 108 வரும்வரை அசையாமல் படுத்திருங்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவது, தூக்கி உட்காரவைத்து சோடா புகட்டுவது எல்லாம் உதவ வருபவர்கள் நல்ல மனதோடு செய்கிற ஆபத்தான காரியங்கள். தலையில் அடிபட்டிருந்தால் வீடு வந்த பிறகும் ஓரிரு நாள் யாராவது கூடவே இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நடுரோட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளவும் வேண்டாம். இடித்தவர் ஏதோ ஒரு தொகையை நீட்டுவார்; ‘கேஸு, கோர்ட்டுன்னு அலையணுமா?’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், மறுநாள் எக்ஸ்ரேயில் முறிவு தெரியும்போது அந்த வண்டியின் எண்கூட உங்களிடம் இருக்காது. வண்டி எண்ணையும் இடத்தையும் யாரையாவது படமெடுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் பொய். போலீஸ் விவகாரம் எதற்கு என்று ‘படியில் வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று சொல்கிறார்களே, அதுதான் இது. பின்னால் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்வார். சம்பாதிப்பவர் படுக்கையில் கிடக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி! நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை உச்சவரம்புக்கு உட்பட்டு இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. இழப்பீட்டு மனுவுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. அதனால் எஃப்.ஐ.ஆர். நகலையும் பில்களையும் பத்திரப்படுத்தி, சீக்கிரமே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

காயம் ஆறிய பிறகும் மனசு ஆற நாளாகும். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடு’ என்று உறவினர்கள் சொல்வது ஆறுதலுக்குத்தான். ஆனால் அதைக் கேட்டவருக்கு அப்புறம் தன் பயத்தைச் சொல்ல வாய் வராது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ‘எப்படி ஆச்சு?’ என்று முதலிலிருந்து சொல்லவைப்பதும் கொடுமைதான். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா பக்கத்தில் இருங்கள். ‘அன்றைக்கு பஸ்ஸில் போயிருக்கலாமே’ என்ற எண்ணம் தவறே செய்யாதவரையும் குடையும். அதை மறக்கக் குடித்தால் இருக்கிற தூக்கமும் கெடும்.

‘அதே ரோட்டில் உடனே ஓட்டு, பயம் போயிடும்’ என்று யாரையும் தள்ளாதீர்கள். அதற்காக மாதக்கணக்கில் வண்டியைத் தொடாமலே இருந்தால் பயம்தான் வளரும். முதலில் பின்னால் உட்கார்ந்து போகலாம், அப்புறம் தெருவுக்குள் ஓட்டலாம், அப்புறம் மெயின் ரோடு. ஹாரன் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் கெட்ட கனவு வருவதும் முதல் சில வாரங்களில் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே போகத் தயக்கமாக இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.